கண்டக்டர் அண்ணன் நின்ற வாசல்

ஆஸ்பத்திரியை நினைத்து யாராவது ஏங்குவார்களா என்று கேட்டால், நான் ஏங்குவேன். முழு ஆஸ்பத்திரியையும் அல்ல. இரண்டாவது மாடியில், டயாலிசிஸ் வார்டுக்கு எதிரே இருந்த அந்த ஒற்றை அறையை. ஒரு நீளப் பெஞ்சு, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, கொடகொடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் கீழே இருக்கும் சலவைக்கூடத்திலிருந்து சோப்பும் ஆவியும் கலந்த வாசம் வரும். அங்கே உட்கார்ந்திருந்த காலத்தில், ஆண்டவனே, இது எப்போது முடியும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். முடிந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே எனக்கு ஒரு குடும்பம் இருந்தது என்று.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் போட வேண்டியிருந்தது. ஒருமுறை போட்டால் நாலு மணி நேரம். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிற வேலை. முதலாளி மனசு நல்ல மனசு. அட்டைகளைக் கட்டாகக் கொடுத்து, "அங்க சும்மா உக்காந்து அழுதுட்டு இருக்கறதுக்கு இதை மடிச்சுக் கொண்டாம்மா" என்று அனுப்பிவிடுவார். கை பெட்டி மடிக்கும், காது பேச்சைக் கேட்கும். அப்படிக் கேட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தான் கண்டக்டர் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள். நின்றால் இரண்டு காலையும் அகட்டி வைத்துத்தான் நிற்பார். "அண்ணே, இது தரை, ஆடாது" என்று மீன்காரம்மா கிண்டல் பண்ணுவாள். "உனக்குத் தெரியாதும்மா, ஆடுது" என்பார். மெஷினில் இருந்தது அவருடைய மனைவி. நாங்கள் வீட்டம்மா என்றே கூப்பிடுவோம், அவர் அப்படிக் கூப்பிட்டதால். அந்த அம்மா வாயைத் திறந்தால் வார்டே சிரிக்கும். கல்யாணக் கதையைக் கேட்டால் இப்படிச் சொல்வார்: "வேலைக்குப் போறப்ப தினம் இவர் பஸ்தான். ஒருநாள் தூங்கிட்டேன். எழுப்பணுமா இல்லையா? எழுப்பல. கடைசி ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டார். இன்னும் இறக்கி விடல."

பிள்ளைகள் இல்லை. ஒருநாள் அண்ணன் என்னிடம் சொன்னார்: "அவ பேசுற சத்தம்தான் தங்கச்சி எங்க வீடு. ஆஸ்பத்திரி இல்லாத நாள்ல அவ அசந்து தூங்கிடறா. அப்ப வீட்ல குழாய் சொட்டுறது கேக்கும். இங்க வந்தா நீங்கல்லாம் பேசிட்டு இருக்கீங்க. எனக்கு அது போதும்."

அந்த அறை முதலில் எங்களுடையது இல்லை. பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்த ஸ்டோர் ரூம். நாங்கள் நடைபாதையில் சுவரோரம் குந்தியிருப்பதைப் பார்த்துப் பார்த்து, வார்டின் பெரிய சிஸ்டர் மெத்தைகளை அப்புறப்படுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து விட்டார். கண்டிப்பான அம்மா. சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒரு குழுவா இருந்தா ரூமை உங்க பொறுப்புல விடுறேன். எதுக்காக இருக்கீங்கன்னு எழுதி வாசல்ல மாட்டுங்க. சும்மா கூடி உக்காந்து பேசறாங்கன்னு யாராவது மேலிடத்துல சொன்னாங்கன்னா, மறுநாளே மெத்தை திரும்பி வந்துடும். இன்னொண்ணு, மெஷின்ல ஆள் இருக்கறவங்களுக்குத்தான் பாஸ். பாஸ் இருக்கறவங்கதான் உள்ள உக்காரலாம்."

இந்த நிபந்தனைக்கு முதலில் தலையாட்டியது கண்டக்டர் அண்ணன்தான். "நியாயம்தான் சிஸ்டர். டிக்கெட் இல்லாம எதுக்கு ஏத்தணும்" என்றார். வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்த மனிதர் வேறு என்ன சொல்வார்.

எதுக்காக இருக்கிறோம் என்று எழுதுவதில்தான் வந்தது வினை. எங்களில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர் கிளார்க் ஐயா. கோர்ட்டில் வேலை பார்த்தவர். மகனுக்காக வந்துகொண்டிருந்தார். கூடுதல் மெஷின் கேட்டு மனுப் போடத்தான் குழு என்றார் அவர். மாமியாருக்காக வரும் மீன்காரம்மா, "மனு கெடக்கட்டும், சூடா ஒரு டீ போட வழி பண்ணுங்க" என்றாள். நான் கொஞ்ச நேரம் எல்லோரும் சேர்ந்து அமைதியாக வேண்டிக்கொள்ளலாம் என்றேன். "வேண்டிக்கறப்ப டீ ஆறிடும்" என்றாள் அவள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். யார் மனசும் நோகக் கூடாது என்று கிளார்க் ஐயா எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்.

பெரிய பலகை வந்தது. வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து. 'நோயாளிகளின் உரிமைகளைப் பேணுதல்' என்று ஆரம்பித்து, 'கூடுதல் இயந்திரங்களுக்கு ஆவன செய்தல்', 'உறுப்பினர்களிடையே நல்லுறவை வளர்த்தல்' என்று இறங்கி, 'தேநீர் வசதி', 'மௌனப் பிரார்த்தனை' வரைக்கும் பதினோரு வரி. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மீன்காரம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்து விரல் நுனியெல்லாம் நீலமாகி, அதே கையோடு மாமியாரைத் தடவிக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பலகை மாட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். வார்டில் நேரம் முடிந்து எல்லோரும் கிளம்புகிற சமயம். நடைபாதையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கண்டக்டர் அண்ணன் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"யாரைப் பாக்கணும்மா?"

"வீட்டுக்காரர் உள்ள இருக்காருங்க. இன்னிக்குத்தான் முதல் தடவை."

"எப்பலேர்ந்து நிக்கிறீங்க?"

"காலைலேர்ந்துங்க."

"ரூம் திறந்துதானே இருக்கு. உள்ள வந்து உக்கார வேண்டியதுதானே."

அவள் பலகையைப் பார்த்தாள். "வந்து எட்டிப் பாத்தேங்க. ஏதோ ஆபீஸுன்னு நெனச்சேன். மனு எழுதிட்டு வரணுமோ என்னவோன்னு."

அண்ணன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவியைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தபோதும் பேசவில்லை. "என்ன, இன்னிக்கு மெஷின்ல போட்டது உங்களையா என்னையா?" என்று அந்த அம்மாதான் கேட்டார்.

அடுத்த முறை வந்தபோது பலகையைப் பற்றி மறுபடி பேச்சு எடுத்தார். உடனே ஆளாளுக்குக் குரலை உயர்த்த ஆரம்பித்தோம். கிளார்க் ஐயாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எல்லோரும் சொன்னதைத்தானே எழுதினேன் என்றார். அதுவும் உண்மைதான்.

அண்ணன் கையை உயர்த்தினார். "பஸ் நடுவுல நின்னுக்கிட்டு 'எல்லாரும் எங்க போறீங்க'ன்னு கத்தினா சத்தம்தான் மிஞ்சும். ஒவ்வொரு சீட்டா போய்க் கேக்கணும். கேக்கறப்ப மத்தவங்க ஜன்னல் பக்கம் பாக்கணும்." அப்படியே செய்தார். பெஞ்சின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து குனிந்து கேட்டார். குழு என்ன செய்யணும் என்று கேட்கவில்லை. "முதல் நாள் இங்க வந்தப்ப எது இல்லாம தவிச்சீங்க?" இது மட்டும்தான் கேள்வி.

அன்று குழாய்ப் பக்கம் நின்றிருந்த அந்தப் பெண்ணிடம் முதலில் போனார். "உக்கார இடம்னு நெனச்சேன். இடம் இருந்துச்சுங்க. வான்னு ஒருத்தர் சொல்லலை, அவ்வளவுதான்" என்றாள்.

மீன்காரம்மா குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "எங்க மாமியா நடுங்குச்சுண்ணே. பல்லெல்லாம் கிடுகிடுன்னு அடிச்சுச்சு. போயிடுச்சுன்னே நெனச்சு, காலைப் புடிச்சுக்கிட்டு, இத்தனை வருஷமா நான் பேசினதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டேன். மெஷின்ல போட்டா குளிரும், ஒரு கம்பளி கொண்டாந்துடுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப அந்த மன்னிப்பை வெச்சே கிழவி என்னை ஆட்டிவைக்குது."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் சிரித்தோம்.

என் முறை வந்தபோது சொன்னேன்: "கடவுள்கிட்ட பேசிட்டேதான் இருந்தேண்ணே. அவர் கேக்கறார்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு மனுஷக் குரலும் வேணும்போல இருந்துச்சு."

கடைசியாகக் கிளார்க் ஐயாவிடம் வந்தார். ஐயா மெதுவாகச் சொன்னார்: "பையனைப் படுக்க வெச்சதும் அவன் செருப்பைக் கழட்டி என் கையில கொடுத்தாங்க. எங்க வைக்கறதுன்னு தெரியல. நாலு மணி நேரம் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன். கோர்ட்ல தினமும் எத்தனை பேருக்கு, இந்த ரூமுக்குப் போ, அந்த ஜன்னலுக்குப் போன்னு வழி சொன்னவன் நான். செருப்பைக் கட்டிலுக்கு அடியில விடலாம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல."

அவரே எழுந்து போய்ப் பலகையைக் கழற்றினார். அவரே பின்பக்கத்தைத் துடைத்து, அதில் புதிதாக எழுதினார். இரண்டே வரி. 'முதல் நாள் வந்தவரா? உள்ளே வாருங்கள், உங்கள் பக்கத்தில் ஒருவர் உட்காருவோம்.' எழுத்து முத்து முத்தாக இருந்தது. மனு, டீ எல்லாம் என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. டீயை மீன்காரம்மா பிளாஸ்கில் கொண்டுவர ஆரம்பித்தாள். மனுவை ஐயா தனியாக எழுதி அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று கேட்டால், இனி எங்கள் எல்லோருக்கும் ஒரே பதில் இருந்தது. குளிரும், கம்பளி கொண்டுவாருங்கள் என்று சொல்லவேண்டும். செருப்பை எங்கே விடுவதென்று காட்டவேண்டும். முதல் நாள் முடிகிறவரைக்கும் பக்கத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

"நீங்க எதுக்குத் தவிச்சீங்கன்னு சொல்லவே இல்லியே" என்று மீன்காரம்மா அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கென்ன. முதல் நாள் வழி கேட்டது வீட்டம்மா, எனக்கு உக்கார இடம் பிடிச்சுக் கொடுத்தது வீட்டம்மா. அப்புறம்தான் மெஷினுக்கே போனா. அவ இருக்கறவரைக்கும் எனக்கு முதல் நாளே கிடையாது" என்றார்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் எனக்கு இப்போதும் கனவில் வருகிறவை. எத்தனை பேர் வந்தார்கள். வாசலில் தயங்கி நிற்கும்போதே உள்ளேயிருந்து நாலு குரல் "வாங்க வாங்க" என்னும். பயந்த முகத்தோடு வந்தவர்கள் மறுவாரம் இன்னொருவருக்குக் கம்பளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் மடித்த பெட்டிகளைக் குழந்தைகள் ரயிலாக அடுக்குவார்கள். வேண்டிக்கொள்வதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருப்பதே எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனால் வீட்டம்மா இளைத்துக்கொண்டே வந்தார். பேச்சு குறைந்தது. சிரிக்கச் சிரிக்கப் பேசியவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே இருப்பார். எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரே கவலை. அந்த அம்மாவுக்காக மட்டுமல்ல. அவர் போய்விட்டால் அண்ணனுக்குப் பாஸ் கிடையாது. பாஸ் இல்லையென்றால் இந்த அறை கிடையாது. அப்புறம் அந்த மனிதருக்குக் குழாய் சொட்டுகிற வீடு ஒன்றுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மழைநாளில் வீட்டம்மா போய்விட்டார். எல்லாம் முடிந்து சில நாள் கழித்து அண்ணன் வந்தார். சட்டை நன்றாகத் தேய்த்திருந்தது. பாஸைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார்.

"எதுக்குண்ணே கொடுக்கறீங்க? யார் கேட்டா?" என்றாள் மீன்காரம்மா.

"கேக்கறதுக்கு முன்னாடி கொடுக்கணும்."

"பெரிய சிஸ்டர்கிட்ட நான் பேசுறேன். விதிய ஒரு வரி மாத்திட்டா போச்சு" என்றார் கிளார்க் ஐயா. விதி விதி என்று உயிரை விடுகிறவர் அவர். அவர் வாயிலிருந்து இப்படி வந்ததே பெரிசு.

"வேண்டாங்க ஐயா. எனக்கு மாத்தினா நாளைக்கு இன்னொருத்தருக்கு மாத்தணும். அப்புறம் உள்ள இருக்கறவங்க வீட்டாளுங்களுக்கு உக்கார இடம் இருக்காது. கூட்டத்தைப் பாத்தா ஸ்டோர்காரருக்கும் மெத்தை ஞாபகம் வந்துடும். சிஸ்டர் சொன்னப்ப சரின்னு சொன்னது நான்தானே." ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, படி இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு நான் மடித்த பெட்டி ஒன்றுகூட நேராக வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு வயதான தம்பதி வாசலில் நின்றார்கள். பின்னால் ஒரு குரல். "ஒருத்தர், முதல் நாள். கம்பளி இல்ல." பார்த்தால் கண்டக்டர் அண்ணன். கதவு நிலைக்கு வெளியே, கால் அகட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொள்கிறாராம். பஸ்ஸிலிருந்து இறங்கி, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களை அவருக்குத் தெரியாதா. "மெஷினுக்கா?" என்று கேட்டு, பையை வாங்கிக்கொண்டு, எந்தப் படி, எந்த லிஃப்ட் என்று கூட்டிவந்து எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். உள்ளே காலை வைக்கவில்லை. வாருங்கள் என்று இழுத்தாலும், "பாஸ் இல்லம்மா" என்பார். வாசலில் பார்வையாளர்கள் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லையாம். மீன்காரம்மா நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று டீயை நீட்டுவாள். அவர் அந்தப் பக்கம் நின்று குடிப்பார். "எல்லை தாண்டாம குடிங்கண்ணே, பட்டாளத்தைக் கூப்பிட்டுடப் போறாங்க" என்பாள். சிரிப்பார். ஆனால் டீ முடிந்ததும் டம்ளரைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

கிளார்க் ஐயாவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. ஒருநாள் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "உள்ள காத்து வரல" என்றார். மின்விசிறி தலைக்கு மேல் கொடகொடவென்று சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மீன்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியை எடுத்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளியே. அன்று காலையில் அண்ணன் கூட்டிவந்த ஒரு பெண் மட்டும், கணவனை முதல் முறை மெஷினில் விட்டுவிட்டு, அறைக்குள்ளே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து எங்களை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா இது, அந்தம்மாவைத் தனியா விட்டுட்டு. உள்ள போங்க" என்று அண்ணன் பதறினார்.

"நீங்க போனா நாங்க போறோம்" என்றார் ஐயா.

அதே நேரம் பார்த்துத் துணி மூட்டைகளை ஏற்றிய தள்ளுவண்டி வந்தது. போக வழி இல்லை. வண்டிக்காரர் கத்த, பெரிய சிஸ்டர் வார்டிலிருந்து வெளியே வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டம்மாவைக் கடைசி வரைக்கும் கவனித்துக்கொண்டது இந்த சிஸ்டர்தான்.

"வழிய விடுங்க. எல்லாரும் உள்ள போங்க."

நாங்கள் எழுந்தோம். அண்ணன் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்.

"உங்களைத்தான். உள்ள போங்க."

"பாஸ் இல்லைங்க சிஸ்டர்."

"பாஸ் இருக்கான்னு நான் கேட்டேனா? அந்தம்மா தனியா உக்காந்திருக்காங்க. வாசல்ல என்ன எழுதி மாட்டியிருக்கீங்க? உக்காரறதா எழுதிட்டு எல்லாரும் வெளிய நின்னா, போர்டைக் கழட்டிடவா?"

வாழ்நாள் முழுக்க ஏறினவர்களையெல்லாம் உள்ளே போ, உள்ளே போ என்று விரட்டிய மனிதர். அவரை யாரும் அப்படி விரட்டியிருக்க மாட்டார்கள். வண்டிக்காரர் "பெரியவரே, வண்டி நிக்குது, போங்க" என்று பின்னாலிருந்து தள்ளாத குறை. அண்ணன் நிலைப்படியைத் தாண்டினார்.

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் பை தூக்கிக்கொண்டு வந்த மனிதர்தான் என்று அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"உங்க வீட்ல யாருங்க உள்ள இருக்காங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் எல்லோரும் நாற்காலியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டோம்.

"முன்னாடி என் வீட்டம்மா இருந்தாங்க" என்றார் அண்ணன். "இப்ப யாரும் இல்லைங்க."

அவள் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அண்ணன் உட்கார்ந்தார்.